பொறுப்பாளர் கையெழுத்து

முகாம்,
ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கின் தோல்தான் வெயிலில் உரிந்து தொங்குகிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மகள், நம் பெரிய மனுஷி, ஒழுங்காகப் படிக்கிறாளா, இல்லை கண்ணாடி முன்னாலேயே குடியிருக்கிறாளா?

இங்கே போன் வெறும் கடிகாரம்தான். மேட்டில் ஏறிக் கையைத் தூக்கி நின்றாலும் சிக்னல் வருவதில்லை. அதனால் அத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நம் இயக்குநர் அத்தான் எனக்குத் தோண்ட ஒரு குழியைக் கொடுத்துவிட்டார்! மேல் மண்ணிலிருந்து அடி மண் வரை முழுக்க என் பொறுப்பு. இந்த அகழாய்வு தொடங்கிய நாள் முதல் பெண்கள் என்றால் பானை ஓடு கழுவு, ஓடு வரை, ஓட்டில் எண் எழுது, மிஞ்சினால் படம் எடுக்கும்போது சுவர் எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் போய் நில். அறிக்கையில் அந்தப் படத்துக்குக் கீழே பெயர் கூட இருக்காது. மேஸ்திரிக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. "வெயில் தாங்குமாம்மா?" என்று கேட்டார். "உங்களுக்குத் தாங்குதுல்ல?" என்றேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இன்னொரு சேதி. பெண்களுக்கு என்று தனியாக ஓர் அறை வேண்டும் என்று போன வருடம் முழுக்க அத்தானை நச்சரித்தேனே, கிடைத்துவிட்டது. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கு. ஓட்டு மூட்டையெல்லாம் புதுக் கிடங்குக்குப் போய்விட்டது. உடை மாற்றலாம், வயிற்றுவலி வந்தால் படுக்கலாம், ஆண்கள் காதில் விழாமல் நாலு வார்த்தை பேசலாம். யாருக்காவது குறை என்றால் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் பொறுப்பாளர். நான் கையெழுத்துப் போட்டால்தான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும். "நம்ம வீட்டுப் பொண்ணே இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று அத்தானே சொல்லி, பலகையில் என் பெயரை எழுதவைத்தார். பல்கலைக்கழகப் பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிடங்கில்தானே உங்கள் காதல் கதை ஆரம்பமாயிற்று? "ஓடு வரையப் போனவ மாப்பிள்ளையோட வந்தா" என்று சித்தப்பா இன்னும் கல்யாண வீடுதோறும் சொல்லிச் சிரிக்கிறாரே. உன் காதல் கோட்டையை நான் பிடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பதில் போடு. முட்டிக்கு மருந்து தடவு, சும்மா அலமாரியில் அடுக்கிவைக்காதே.

உன்
வாலு


வீடு,
ஜனவரி 24

என் வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டி இருக்கிறபடி இருக்கிறது. நீ தலையில் துணி கட்டாமல் வெயிலில் நிற்கக்கூடாது, சொல்லிவிட்டேன். தண்ணீர் நிறையக் குடி.

உனக்குக் குழி கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. குழிகளுக்கு நடுவே இடைச்சுவரை நேராக விடு. எங்கள் காலத்தில் பையன்கள் வெட்டிய சுவர்கள் எல்லாம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். நான் வெட்டியிருந்தால் நேராக வெட்டியிருப்பேன், எனக்கு வாய்க்கவில்லை.

எந்தக் கிடங்கு? ஜன்னல் தலைக்கு மேலே உயரத்தில் இருக்குமே, கதவு தரையில் இடறுமே, அதுவா? அதற்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடச் சொல். உள்பக்கமாக. மறந்துவிடாதே.

நம் பெரிய மனுஷி பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் முகாமுக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "சித்தி மாதிரி நானும் குழி தோண்டுவேன்" என்கிறாள். அவள் அப்பா சிரிக்கிறார். நான் முதலில் பரீட்சையை எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு வேறு வேலை இல்லை.

இன்னொன்று. இனிமேல் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தனுப்பாதே. பையில் வைத்து மறந்துவிடுகிறார். ஒட்டின இடமும் பிரிந்து வந்திருந்தது. தண்ணீர் லாரி ஊருக்குள் போகும்போது தபாலில் போடச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


முகாம்,
பிப்ரவரி 10

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னபடி தபாலில் போடுகிறேன், தாழ்ப்பாளும் போட்டாயிற்று. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொஞ்சம் சரியில்லை. வீட்டில் எல்லாரும் நலம்தானே?

அறை திறந்து ஒரு மாதம் ஆகிறது. பாய், மண்பானைத் தண்ணீர், கண்ணாடி எல்லாம் வைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் மாணவிகள், ஓடு கழுவும் பெண்கள், படம் வரையும் ஓவியக்கார அம்மா எல்லாரும் அங்கேதான். நான் வாசலுக்கு வரும்போதே பேச்சுச் சத்தம் கேட்கும். நான் உள்ளே காலை வைத்தால் போச்சு! சட்டென்று எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "இன்னைக்கு என்னா வெயில்!" "ஆமா, நேத்தை விட அதிகம்." எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த அறைக்காக அலைந்தது நான், அந்த அறையில் எனக்கு மட்டும் வானிலை அறிக்கை.

ஓவியக்கார அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "என் மேல என்னம்மா கோவம் எல்லாருக்கும்?" அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "கோவமெல்லாம் இல்லம்மா. நீங்க இயக்குநரோட மச்சினி. அவ்வளவுதான்" என்றார். அத்தானுக்கு மச்சினியாகப் பிறந்தது என் குற்றமா சொல்லு.

கண்ணாடி போட்ட ஒரு மாணவி இருக்கிறாள், எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறோம். நல்ல கை அவளுக்கு. அவள் சீவிவிட்ட சுவரில் ஒவ்வொரு மண்ணடுக்கும் தனித்தனியாகத் தெரியும். போன வாரம் அத்தான் அவளைக் குழியிலிருந்து எடுத்து ஓடு கழுவப் போட்டுவிட்டார். அடுக்குகளைக் கலந்துவிட்டாளாம். எனக்கு நம்ப முடியவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "உனக்குப் புரியாது, விடு" என்றார். அவளிடம் கேட்டால் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பிரஷ்ஷால் தேய்க்கிறாள். முன்பெல்லாம் சரியான வாயாடி, அக்கா.

பெரிய மனுஷியிடம் சித்தி கேட்டதாகச் சொல். நீ உடனே பதில் எழுது.

வாலு


வீடு,
மார்ச் 1

வாலுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதம், பரீட்சை நேரம், வீட்டில் வேலை.

அவர்கள் பேசவில்லை என்றால் வற்புறுத்தாதே. பேசாமல் இருக்க அவர்களுக்கும் காரணம் இருக்கும். நீ அந்த அறைக்கு அடிக்கடி போகாதே.

அந்தப் பெண் சாப்பிடுகிறாளா? ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறாள்? அவளைக் கிடங்குக்குத் தனியாகப் போக விடாதே. வரைபடம் சரிபார்க்க வா என்று கூப்பிட்டால் நீயும் கூடப் போ. உனக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் போய் நில்.

வேறு விசேஷம் இல்லை. வெயிலில் சுற்றாதே.

அக்கா


முகாம்,
மார்ச் 9

அக்கா,

நான் நலமா என்று கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டும், கேட்கிறேன், பயத்தோடு கேட்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளைப் பற்றி எழுதும்போது நான் கிடங்கு என்று எழுதவில்லை. வரைபடம் என்றும் எழுதவில்லை. ஓடு கழுவுகிறாள் என்று மட்டும்தான் எழுதினேன். உனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு அவளிடம் போனேன். "வரைபடம் சரிபார்க்கன்னு கிடங்குக்குக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். கையிலிருந்த ஓடு தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தாள். மறுநாள் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து ஒரு தாளை நீட்டினாள். "உங்ககிட்டதான் கொடுக்கணும்னு பலகையில எழுதியிருக்கு. அதனால கொடுக்கிறேன். நீங்க அனுப்புவீங்கன்னு நம்பி இல்லை" என்றாள்.

படித்தேன். வரைபடம் சரிபார்க்க வேண்டும் என்று இயக்குநர் புதுக் கிடங்குக்குக் கூப்பிடுவாராம். கதவைச் சாத்துவாராம். முதலில் தோளில் கை வைத்தாராம். இரண்டாவது முறை அவள் எழுந்து போகப் பார்த்தபோது கதவில் சாய்ந்துகொண்டு நின்றாராம். அதற்கு மேல் நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் கத்தியிருக்கிறாள். மறுநாளே ஓடு கழுவப் போட்டுவிட்டார். வாயைத் திறந்தால் களப்பணிச் சான்றிதழ் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார். அது இல்லாமல் அவளால் படிப்பை முடிக்க முடியாது.

அவர்கள் எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசியது ஏன் என்று இப்போது புரிகிறது. குறையை யாரிடம் சொல்வது என்றால், அவர் வீட்டுப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

தாள் என்னிடம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் விசாரணை வரும். உன் வீட்டு வாசலுக்கும் வரும். போடாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு நாதியில்லை. நான் என்ன செய்ய, அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


முகாம்,
மார்ச் 28

அக்கா,

நலமா? பதில் வரவில்லை. தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் டிரைவரைப் போய்ப் பார்க்கிறேன். "யாருகிட்டேருந்தும்மா இப்படிக் காத்துட்டு இருக்கீங்க, மாப்பிள்ளையா?" என்று கிண்டல் செய்கிறார்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பெண் அறைக்குள் வந்துபோனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோபப்படவில்லை. டீ கொடுத்தார். "சின்னப் பொண்ணுங்க, ஏதாவது கற்பனை பண்ணிக்குவாங்க. நீ என் வீட்டுப் பொண்ணு. உங்க அக்காவை நினைச்சுப் பாரு. நம்ம பாப்பாவை நினைச்சுப் பாரு" என்றார். டீயை நான் குடிக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஓவியக்கார அம்மா நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் ரொம்ப வருஷமா இங்க வரையறேன். உங்க அக்கா வந்த வருஷமும் இருந்தேன்" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அக்கா, உனக்குமா?

சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு வரி எழுது. கையெழுத்துப் போடு என்றோ, போடாதே என்றோ. நீ இருக்கிற வீடு அது. உன்னைக் கேட்காமல் எப்படி நான் கல்லெறிவேன்?

உன் பதிலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு,
வாலு


வீடு,
ஏப்ரல் 6

வாலுக்கு,

நாங்கள் நலம். பரீட்சை நேற்றோடு முடிந்தது. நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

போடாதே.

அந்தப் பெண்ணுக்கு வயது இருக்கிறது, வேறு துறை கிடைக்கும், வேறு ஊர் கிடைக்கும். எனக்கு இந்த வயதில் வேறு வீடு எங்கே கிடைக்கும்? என் மகள் வகுப்பில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவாள்? நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது? நீ ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவாய். நான்தான் இங்கே உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்ட இன்னொன்றுக்குப் பதில் இல்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


முகாம்,
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போடவில்லை.

அவளிடம் போய்ச் சொன்னேன். காரணம் சொல்ல ஆரம்பித்தேன், அவள் கேட்கவில்லை. "தாளை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் லாரியில் ஏறிப் போய்விட்டாள். படிப்பும் போயிற்று. பையைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று கிட்டே போனேன், "வேணாம், கனமில்லை" என்றாள். டிரைவர் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

இப்போது அறைக்கு யாரும் வருவதில்லை. ஓடு கழுவும் பெண்கள் மர நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இயக்குநர் நேற்று வந்து எட்டிப் பார்த்து, "யாரும் பயன்படுத்தலையே, மூட்டையாவது வைக்கலாம்" என்றார். பாயைச் சுருட்டிவிட்டு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். பலகையை மட்டும் எடுக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் திரும்ப வந்தால் வேண்டுமே.

என் குழி அடி மண்ணைத் தொட்டுவிட்டது. கடைசிப் படம் எடுப்பதற்கு முன் தரையில் ஒரு காலடி தெரியக்கூடாது, உனக்குத் தெரியுமே. பின்னால் நடந்துகொண்டே துடைப்பத்தால் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அழகாக இருந்தது. யாருமே அங்கே வேலை செய்யாத மாதிரி இருந்தது. மேஸ்திரிகூட, "சுத்தமா இருக்கும்மா" என்று பாராட்டினார். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அக்கா. என்மேல் அதைவிட இருக்கிறது.

வாலு


வீடு,
மே 18

என் தங்கமே,

நலமா என்று கேட்க எனக்கு முகமே இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

போன வாரம் மகள் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெண்கள் அறை, பலகை, பக்கத்தில் நீ, நடுவில் அவர். "எங்க அப்பா மாதிரி யார் இருக்காங்க பாரு!" என்று குதித்தாள். பிறகு சொன்னாள், "என் பிரண்டோட அக்கா காலேஜ்ல இதே படிப்புதான் படிக்கிறாங்கம்மா. அடுத்த முறை முகாமுக்கு அவங்களைச் சேர்த்துக்கச் சொல்லி அப்பாகிட்ட நான்தான் கேட்டேன். சரின்னுட்டார்." நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை கையாலேயே ஒரு பெண்ணை அங்கே அனுப்பிவைக்கிறாள்.

நீ கேட்டாயே, உனக்குமா என்று. எனக்கும்தான். இப்போது உன் பெயர்ப் பலகை தொங்குகிற அதே அறை. ஜன்னலுக்கு வெளியே வானம் மட்டும் தெரியும். நான் கத்தவில்லை, எனக்குக் கத்த வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா விறுவிறுவென்று கிளம்பினபோது சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். கல்யாணம் பேசி முடித்துவிட்டு வந்தார். எல்லாருக்கும் நிம்மதி. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், புதுப் பாவாடை கிடைக்கும் என்று ஆடினாய். சித்தப்பா அதற்குக் காதல் என்று பெயர் வைத்தார். நானும் சரி என்று வைத்துக்கொண்டேன். வாழ்ந்தாக வேண்டுமே. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பும் வேண்டாம் என்றாகிவிட்டது.

போடாதே என்று எழுதினேனே, அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, இந்தக் கழுதை என் பேச்சைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடமாட்டாளா என்று தினமும் காத்திருந்தேன். என் வீட்டை நானே உடைக்கத் தைரியமில்லை. நீ உடைத்தால், ஐயோ என் தங்கை இப்படிச் செய்துவிட்டாளே என்று அழுதுகொண்டே வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். உன் தலையில் போடப் பார்த்தேன். நீ என்மேல் வைத்த பாசத்தில் அது நடக்கவில்லை.

நேற்றுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனேன். புகார்ப் பிரிவில் ஒருவர் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். முகாமில் நடந்ததற்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். கணினியைத் தட்டிப் பார்த்தார். "அங்கிருந்து புகார் எதுவும் வரலையேம்மா. புகார் இருந்தாத்தானே சாட்சி?" என்றார்.

"அப்படின்னா நான் புகார் கொடுக்கிறேன். எனக்கும் நடந்திருக்கு."

"நீங்க யாரும்மா?"

"அவர் மனைவி."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "வீட்டுப் பிரச்சினைக்கு இது இடம் இல்லம்மா" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

அந்தக் கண்ணாடிப் பெண்ணின் வீடு உனக்குத் தெரியுமா? போய்ப் பார். அவள் திரும்ப ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் நான் சாட்சிக்கு நிற்கிறேன் என்று சொல். அவள் என்ன சொன்னாலும் எனக்கு எழுது.

சாப்பிடு, தூங்கு. என்னைத் திட்டுவதென்றால் திட்டு, ஆனால் எழுது.

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நான் முகாமை விட்டு வந்துவிட்டேன், தோழி ஒருத்தியின் அறையில் இருக்கிறேன். இங்கே போன் எடுக்கிறது, ஆனால் இதெல்லாம் எழுத்தில்தான் வருகிறது. உடம்பு நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் புதுப் பாவாடையை நினைத்து நினைத்து அழுதேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன்க்கா. திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டு இருக்க முடியாது. எங்க வீட்டுல இப்பத்தான் என்னைப் பார்த்து அழாம இருக்காங்க" என்றாள்.

கையில் ஒட்டின மையைத் துடைத்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கு அப்போ சொல்றதுக்கு யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, இந்த மாதிரி அறைகூட அப்போது இல்லை என்றேன்.

"பாவம்" என்றாள். "எனக்கு நீங்க இருந்தீங்க."

குத்திக்காட்டவில்லை, அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அவளை இனி நாம் தொந்தரவு செய்யக்கூடாது. ஆனால் அந்த இன்னொரு பெண், பிரண்டின் அக்கா, முகாமுக்குப் போகக்கூடாது. அவளை எனக்குத் தெரியாது, நான் சொன்னால் நம்ப மாட்டாள், வேலையை விட்டு வந்தவள் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள். சேர்த்துவிட்டது உன் மகள். உன் மகள் வேண்டாம் என்றால்தான் அவள் நிற்பாள். அப்படியென்றால் உன் மகளிடம் காரணம் சொல்ல வேண்டும். அதை நீதான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லி அவள் கேட்கக்கூடாது.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னிடம் வந்துவிடுங்கள். அறை சின்னதுதான், படுக்க இடம் இருக்கும்.

முட்டியைக் கவனி.

உன் வாலு


வீடு,
ஜூன் 11

என் வாலுக்கு,

எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

சொல்லிவிட்டேன். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மகளை என் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடிப் பெண்ணைப் பற்றி முதலில் சொன்னேன். "பொய்" என்று கத்தினாள். "சித்தி உன்கிட்ட கதை விடுறா" என்றாள். அதனால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அறையை, நம் அப்பா கல்யாணம் பேசிவிட்டு வந்ததை, சித்தப்பா வைத்த பெயரை எல்லாம் சொன்னேன். அழாமல் சொன்னேன்.

அவள் எழுந்து போய்ப் பிரண்டுக்குப் போன் செய்தாள். "உங்க அக்காவைப் போக வேணாம்னு சொல்லு. காரணம் கேக்காதே. சத்தியமா போக வேணாம்னு சொல்லு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண் போகப் போவதில்லை. நல்லபடியாக நடந்தது அது ஒன்றுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். அவருடைய நெற்றி அவளுக்கு, உனக்குத் தெரியும். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"அப்படின்னா நான் யாரும்மா?"

கட்டிப்பிடிக்கப் போனேன், பின்னால் தள்ளிப் போனாள். நீ என் பிள்ளை என்றேன். "அது தெரியும்" என்றாள். அதோடு அறைக்குள் போனவள்தான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்கிறேன், காலியாகத்தான் வருகிறது. அவர் நாளைக்கு வருகிறார். பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன், அவள் கிளம்புவாளா என்று தெரியவில்லை, அவள் இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன்.

அவள் கேட்டதற்கு உனக்கு ஏதாவது பதில் தெரிந்தால் உடனே எழுது. எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கே எழுது.

அக்கா